சரித்திரத்துக்கு அஞ்சிய மன்னன்

தென்கொரியாவின் ரீ.வி.என். அலைவரிசையில் 2025 ஒகஸ்ட் 23 ஆம் திகதி தொடங்கி செப்டெம்பர் 28 ஆம் திகதி நிறைவடைந்த 'பொன் அப்பெட்டீ, யுவர் மெஜஸ்டி' என்ற தொடர்நாடகத்தின் பன்னிரண்டு அங்கங்களையும் அண்மையில் பார்த்து முடித்தேன். நெட்பிளிக்ஸ் ஊடாக உலகெங்கும் ஒளிபரப்பாகி, ஆங்கிலம் அல்லாத மொழித் தொடர்களின் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்த நாடகம் அது. பிரான்சில் சமையற் போட்டியொன்றில் வென்று நாடு திரும்பும் இளம்பெண் ஒருத்தி விமானத்தில் பழைய ஏடொன்றை விரிக்கிறாள். அவ்வேளையில் சூரிய கிரகணம் நிகழ்கிறது. கண்விழிக்கும்போது ஏறத்தாழ 500 வருடங்களுக்கு முந்திய ஜோசொன் இராச்சியத்தில், கொடுங்கோலன் என்று பெயரெடுத்த இளம் மன்னனின் முன்னால் நிற்கிறாள். சுவை அறிவதில் மட்டும் நிகரற்றவனான அந்த மன்னன் அவளை அரண்மனைச் சமையலறைக்குத் தலைமை தாங்கவைக்கிறான். பொறாமை கொண்ட ஆசைநாயகி, அரியணைக்குச் சதி செய்யும் அரச குடும்பத்தவன், இவற்றுக்கு நடுவே காதல் என்று கதை செல்கிறது.

அவள் முதலில் சமைத்துப் போடுவது மிளகாய் விழுது சேர்த்த சோறு. மிளகாய் கொரியாவைச் சென்றடைந்தது 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்பதால், அந்த மன்னன் உறைப்பில் திகைத்துப்போவதில் சரித்திரப் பிழை எதுவும் இல்லை. மிளகாயைப் போர்த்துக்கேயரின் வருகைக்கு முன்னர் அறிந்திராத எமக்கும் அந்தத் திகைப்பு விளங்கும்.

ஆனால், என்னைச் சிந்திக்க வைத்தது சமையல் அல்ல, மன்னனின் பெயர். நாடகத்தில் அவன் யொன்ஹிகுன். அப்படி ஒரு மன்னன் ஜோசொன் வரலாற்றில் இல்லை. நாடகத்துக்கு மூலமான இணைய நாவலில் அவன் தனது உண்மைப் பெயராலேயே, 1494 தொடக்கம் 1506 வரை ஆட்சி செய்த யொன்சன்குன் என்றே அழைக்கப்படுகிறான். ஒரேயோர் அசையை மாற்றிவிட்டுத் தாய், தந்தை, பாட்டி, ஆசைநாயகி என்று சுற்றியிருப்போர் அனைவரையும் ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கிறார்கள். கொரியர் எவரும் ஏமாறப்போவதில்லை. பின் ஏன் இந்த மாற்றம்?

காரணம் அச்சம். 2020 டிசெம்பரில் இதே அலைவரிசையில் 'மிஸ்டர் குயின்' என்றொரு தொடர் ஆரம்பமானது. இக்காலச் சமையற்காரன் ஒருவனின் உயிர் 19 ஆம் நூற்றாண்டின் அரசி ஒருத்தியின் உடலில் புகுந்துவிடும் நகைச்சுவைக் கதை அது. அதில் ஒரு பாத்திரம் ஜோசொன் அரசவைப் பதிவேடுகளைத் தெருவில் உலவும் வதந்தித் துண்டுப்பிரசுரத்துடன் ஒப்பிட்டுப் பேசியது. ஒரேயொரு வசனம்தான். முறைப்பாடுகள் குவிந்தன. தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கோரி, அந்த வசனத்தை நீக்கவேண்டியதாயிற்று. அடுத்த வருடம் மார்ச்சில் எஸ்.பி.எஸ். அலைவரிசையின் 'ஜோசொன் எக்சோர்சிஸ்ட்' என்ற தொடர், ஜோசொன் அரச குடும்பத்தைத் திரித்துக் காட்டியது என்றும் சீனப் பாணி உணவுகளையும் பொருட்களையும் புகுத்தியது என்றும் எழுந்த எதிர்ப்பில் இரண்டே அங்கங்களுடன் கைவிடப்பட்டது. மன்னர்கள் ஒழிந்து ஒரு நூற்றாண்டு கடந்த குடியரசொன்றில், பழைய பதிவேட்டுக்காக மக்கள் இவ்வளவு கோபப்படுவது வெளியாருக்கு மிகையாகத் தோன்றலாம். அந்தப் பதிவேடு எழுதப்பட்ட விதத்தை அறிந்தால் அப்படித் தோன்றாது.

சில்லொக் எனப்படும் அந்த ஏடுகள் 1392 முதல் 1863 வரையிலான 472 வருடங்களின், 25 மன்னர்களின் ஆட்சியை நாள்வாரியாகக் கூறுகின்றன, 888 நூல்கள். யுனெஸ்கோ 1997 இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அரசவையில் எட்டு இளநிலைப் பதிவாளர்கள் இருந்தனர். பதவியோ மிகச் சிறியது. ஆனால், அவர்களில் ஒருவர் தூரிகையும் கையுமாக அமர்ந்திராமல் மன்னன் எவரையும் சந்திக்கக்கூடாது என்பது விதி. அவையில் கண்டதையும் கேட்டதையும் எழுதுவதுடன் நில்லாது, அதைப் பற்றிய தமது தீர்ப்பையும் தனி வரைவாக எழுதி வீட்டில் மறைத்து வைத்திருப்பார்கள். மன்னன் இறந்த பின்னரே வரைவுகள் வெளியில் வரும். அவற்றைத் தொகுத்து அவனது ஆட்சியின் ஏடு உருவாகும். அது முடிந்ததும் வரைவுகளை மைபோகத் தண்ணீரில் கழுவிவிடுவார்கள். யார் எதை எழுதினார் என்பது எவருக்கும் தெரியக்கூடாது அல்லவா?

1404 இல் தேஜொங் மன்னன் மான் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்தான். எழுந்ததும் முதலில் சொன்னது, பதிவாளருக்கு இது தெரியக்கூடாது என்பது. அவன் விழுந்ததும், தெரியக்கூடாது என்று சொன்னதும் இரண்டுமே பதிவாகியுள்ளன. நாற்பதுகளில் கொரிய எழுத்தைத் தந்த செஜொங் மன்னன், 1431 இல் தனது தந்தையான இதே தேஜொங்கின் ஏட்டைப் பார்க்க விரும்பினான். நீங்கள் பார்த்தால் உங்களுக்குப் பின்வருவோரும் பார்ப்பார்கள், பதிவாளர்கள் அஞ்சுவார்கள் என்று அமைச்சர்கள் தடுத்தனர். 1438 இல் மீண்டும் கேட்டான், மீண்டும் தடுத்தனர். அவன் பார்க்கவில்லை. கொரியர் செஜொங்கை மகாமன்னன் என்பதற்கு எழுத்தை மாத்திரம் காரணம் காட்டுவது போதாது என்பது எனது எண்ணம்.

யொன்சன்குன் செஜொங் அல்ல. தந்தை சொங்ஜொங்கின் ஏட்டைத் தொகுக்கும் பணி நடந்துகொண்டிருந்த 1498 இல், தொகுப்பாளர்களில் ஒருவரான யீ குக்-தொன், கிம் இல்-சொன் என்ற முன்னாள் பதிவாளரின் வரைவை வாசிக்க நேர்ந்தது. அரச துக்க காலத்தில் யீ குக்-தொன் கணிகையருடன் இருந்தார் என்ற செய்தி அதில் இருந்தது. தன்னைப் பற்றிய அந்த வரிகளுக்காக ஆத்திரமடைந்தவர், மன்னனை மூட்டிவிட வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைத்தது. கிம் இல்-சொன், அப்போது காலமாகிவிட்ட தனது ஆசான் கிம் ஜொங்-ஜிக் எழுதிய இரங்கற் கட்டுரை ஒன்றையும் வரைவில் சேர்த்திருந்தார். பண்டைச் சீனத்தில் கொலையுண்ட மன்னன் ஒருவனுக்கான இரங்கல் அது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு அதன் பொருள் வேறு. 1455 இல் சிறுவனான தன்ஜொங்கின் அரியணையைச் சிற்றப்பன் செஜோ பறித்தான். இரண்டு வருடங்களில் சிறுவன் உயிருடன் இல்லை. அந்தச் செஜோ யொன்சன்குனின் பூட்டன். கட்டுரை தொட்டது அரச குடும்பத்தின் உரிமையையே.

மன்னன் வரைவுகளைக் கொண்டுவரச் சொன்னான். முழுவதையும் கொடுக்க அமைச்சர்களுக்கே துணிவில்லை. உரிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தனர். அதுவே போதுமாயிற்று. 34 வயதான கிம் இல்-சொன் உடல் துண்டாடப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆசானின் கல்லறையைத் தோண்டிச் சடலத்தின் தலையை வெட்டினார்கள். சக பதிவாளர்களும் மாணவர்களும் கொலைக்களத்துக்கோ நாடுகடத்தலுக்கோ அனுப்பப்பட்டனர். தனிப்பட்ட பகையை அரசத் துரோகமாக மாற்றிக்காட்டும் கலை எக்காலத்திலும் ஒன்றுதான். பத்திரிகைத் துறையில் காலம் கழித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நாடகம் முக்கியத்துவம் கொடுப்பது இரண்டாவது படுகொலைக்கு. யொன்சன்குனின் தாய் 1479 இல் அரசிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, 1482 இல் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டாள். 1504 இல் மகன் பழிவாங்கினான். தந்தையின் ஆசைநாயகியர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதே வருடம் பாட்டியும் இறந்தாள். அந்தப் பழைய தீர்மானத்துடன் தொடர்புபட்ட அதிகாரிகள், இறந்துபோனவர்கள் உட்பட, தண்டிக்கப்பட்டனர். தன்னைத் தூற்றிக் கொரிய எழுத்தில் சுவரொட்டிகள் தோன்றியதும், அந்த எழுத்தைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடைசெய்தான். வாயே கேட்டின் வாயில் என்ற கருத்துப் பொறித்த பட்டயத்தை அதிகாரிகள் கழுத்தில் மாட்டித் திரியவேண்டும் என்று ஆணையிட்டான். மன்னனுக்கு அச்சம் தருவது சரித்திரம் ஒன்றே என்று அவனே கூறியதாகவும் பதிவு உண்டு.

1506 செப்டெம்பரில் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் சேர்ந்து அவனை அகற்றி, தம்பி ஜுங்ஜொங்கை அரியணையில் ஏற்றினர். கங்வா தீவுக்கு அப்பாலுள்ள கியோதொங் தீவில் சிறைவைக்கப்பட்டவன் இரண்டு மாதங்களில் இறந்தான். பதவி பறிக்கப்பட்டவன் என்பதால் அவனது ஆட்சியின் ஏட்டுக்குச் சில்லொக் என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. 'யொன்சன்குன் நாட்குறிப்பு' என்றே அது அழைக்கப்படுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. அந்த நாட்குறிப்பைத் தொகுத்தவர்கள் அவனைக் கவிழ்த்தவர்களின் அரசவையைச் சேர்ந்தவர்கள். 1498 இன் கொடுமையைக் கண்ட பின்னர் தமது வரைவுகளை ஒப்படைக்கப் பலர் தயங்கினார்கள். எனவே அவனுடைய காமக்களியாட்டங்கள் பற்றிய கதைகளில் ஒரு பங்கையாவது ஐயத்துடன்தான் வாசிக்கவேண்டும். நாடகாசிரியர்கள் கைவைத்ததும் இந்த இடைவெளியில்தான். தாயை இழந்த குழந்தை, சதிகாரரால் தூண்டப்பட்ட இளைஞன், தகுந்த ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால் திருந்தியிருக்கக்கூடியவன் என்று அவனைத் துடைத்துத் தூய்மையாக்கி நிறுத்துகிறார்கள். இளம் நடிகர் லீ சே-மின்னும் இம் யூன்-ஆவும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள்; நானும் இரசித்தேன்.

ஆனால், ஒன்று உறுத்துகிறது. கதாநாயகியைக் காலம் கடத்திய அந்தப் பழைய ஏட்டை எழுதியவன் யார் என்பது இறுதியில் தெரியவருகிறது. மன்னனேதான். காதலியை நினைத்துத் தன் கைப்பட எழுதிய குறிப்பு அது. பதிவாளர்களைக் கொன்ற மன்னனுக்கு, அவர்கள் எழுதியதற்குப் பதிலாக, அவனே எழுதிய ஓர் ஏட்டை நாடகம் பரிசளித்திருக்கிறது. நாடகம் முழுவதிலும் 1498 இன் நினைவாக ஒரு தூரிகையாவது காட்டப்பட்டிருக்கலாம். பெயரை மாற்றியதற்கான உண்மையான காரணத்தை நான் இந்த இடத்தில்தான் உணர்ந்தேன்.

1592 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது, நான்கு இடங்களில் வைக்கப்பட்டிருந்த சில்லொக் பிரதிகளில் மூன்று அழிந்தன. ஜொன்ஜு நகரில் இருந்ததை மட்டும் ஆன் உய், சொன் ஹொங்-ரொக் என்ற இரு முதிய கல்விமான்கள் தமது செலவில் நெஜங் மலைக்கு எடுத்துச் சென்று, ஒரு வருடத்துக்கும் மேலாக மாறிமாறிக் காவலிருந்தனர். யொன்சன்குன் நாட்குறிப்பும் அவ்வாறு பிழைத்ததே. அவனது ஆட்சியின் நான்காம் ஆண்டு ஏழாம் மாதத்துக்குரிய பகுதியில், கிம் இல்-சொன்னின் உயிரைப் பறித்த அந்த இரங்கற் கட்டுரை ஒரு வரியும் குறையாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது. கொரிய அரசின் வரலாற்று இணையத்தளத்தில் இன்று எவரும் அதைக் கட்டணமின்றி வாசிக்கலாம்.