காணாமற்போன ஒரு நாள்

இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் நமக்குத் தேதி பிழைபடுவதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. ஆயின், நாள் தவறாமல் குறிப்பெழுதிய ஒருவரின் கணக்கிலேயே ஒரு முழு நாள் குறைந்துபோன வரலாறு உண்டு. சங்க அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிய, அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1519ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள், மகெல்லன் என்னும் போர்த்துக்கீசிய மாலுமி, ஸ்பெயின் அரசரின் ஆதரவில் ஐந்து கப்பல்களுடனும் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆட்களுடனும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். தென் அமெரிக்காவின் கோடியைச் சுற்றிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தபோது, பசியும் நோயும் பலரை மாய்த்தன. 1521 ஏப்ரலில் பிலிப்பைன் தீவுகளில் நடந்த சண்டையில் மகெல்லனும் மாண்டார். பின்னர் எல்கானோ என்பவர் தலைமையில் ‘விக்டோரியா’ என்ற ஒரே கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திரும்பியது.

1522 ஜூலை 9ஆம் நாள் அக்கப்பல் கேப் வர்டே தீவுகளை அடைந்தது. கப்பற் கணக்கின்படி அன்று புதன்கிழமை. உணவு வாங்கக் கரைக்குச் சென்றவர்களிடம் அவ்வூரார், “இன்று வியாழன்” என்றனர்! கப்பலில் இருந்த பிகபெட்டா என்னும் இத்தாலியர் திகைத்தார். நோயின்றி இருந்தமையால் ஒரு நாளும் விடாது குறிப்பெழுதியவர் அவர். அவ்வாண்டு செப்டம்பரில் அக்கப்பலில் ஸ்பெயின் திரும்பியோர் பதினெண்மரே. அவர்கள் கொண்டுவந்த சரக்குகளுள் இப்புதிரும் ஒன்று.

விடை எளிது. கதிரவன் செல்லும் திசையிலேயே நாமும் மேற்கே சென்றால், பாகை ஒன்றுக்கு 4 நிமிடமாக நம் பொழுது நீளும். உலகைச் சுற்றிவர 360 பாகை. எனவே 1,440 நிமிடம், அதாவது ஒரு நாள். ஊரில் இருந்தோர் கண்ட உதயங்களில் ஒன்றை இவர்கள் காணவில்லை, அவ்வளவே.

இக்குழப்பம் தீரவே பசிபிக் கடலில் 180ஆம் பாகையை ஒட்டித் தேதிக்கோடு கொள்ளப்படுகிறது. கடலில் அங்கே அலையன்றி வேறு அடையாளம் இல்லை. மேற்கே கடக்கும் கப்பல் ஒரு தேதியைத் தள்ளிவிடும். கிழக்கே கடப்பது அதே தேதியை இருமுறை எழுதும். 1903 முதல் சென்னையிலிருந்து தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற பிஜி நாட்டில், டவியூனி என்னும் தீவின் மீதே 180ஆம் பாகை செல்கிறது. ஒரே நாட்டில் இரு தேதிகள் வாராதிருக்கத் தேதிக்கோட்டைக் கிழக்கே வளைத்து வரைந்துள்ளனர்.

தந்தையார் மறைந்த செய்தி கேட்டு விரைந்த நாம், ஒரு நாள் பிந்தியே ஊர் சேர்ந்தோம். நம் மனக்கணக்கில் அவர் அன்றும் உயிரோடிருந்தார்; ஊரார் கணக்கிலோ சடங்குகள் முடிந்திருந்தன. பிகபெட்டாவின் ஏட்டிலும் பிழையில்லை. கரையோர் சொல்லிலும் பிழையில்லை. தொலைவு சென்றவர் கணக்கில் ஒரு நாள் குறையத்தான் செய்யும். அதனை உணர்ந்தேனும், உள்ள நாட்களில் ஊருக்கு ஒரு கடிதம் எழுதுவோமாக!