சொந்தச் சேவையகக் காணொளிக் கூட்டம்: இணைப்புப் பழுதறிதலின் வரலாறு

சூம் போன்ற வணிக நிறுவனத்தின் கணினிகளை நம்பாமல், ஒரு பல்கலைக்கழகமோ பாடசாலையோ சங்கமோ தன் சேவையகத்திலேயே மென்பொருளை நிறுவி நடத்தும் இணையவழிக் கூட்டமே சொந்தச் சேவையகக் காணொளிக் கூட்டம். பிக்புளூபட்டன், ஜிட்சி ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர்பெற்றவை. இரண்டும் திறமூல மென்பொருள்கள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. நிறுவுவது ஒரு பிற்பகல் வேலைதான். “சேர், சத்தம் கேட்குது, படம் வரல்ல” என்ற முறைப்பாட்டோடு தொடங்கும் அடுத்த வேலைதான் நீளமானது.

இந்த முறைப்பாட்டுக்கு மாத்தளை மாவட்டத்தில் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: சிக்னல் இல்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். அதன் மடிப்புகளுக்குள் ரத்தோட்டை, கம்மடுவ, லக்கல. ரிவஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது, ஆனால் மலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்குக்கு அலை வளைந்து போகாது. தம்புள்ளை, கலேவெல பக்கத்துச் சமவெளியில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே மலைப்பகுதியில் சிக்னலைக் குறை சொல்வது நியாயந்தான். ஆனால் படம் சிதறி, உறைந்து, மீண்டும் வருவது சிக்னலின் குணம். கூட்டத்தில் சேரவும் அரட்டையில் எழுதவும் முடிந்து, படம் மட்டும் ஒரு நொடிகூட வராவிட்டால் காரணம் அனேகமாக வேறு. அந்த வேறு காரணத்தின் வேர் இணைய முகவரிப் பற்றாக்குறையில் இருக்கிறது.

இணைய முகவரிகள் எல்லோருக்கும் போதா என்று தெரிந்ததும், ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை ஒளித்துவைக்கும் ‘முகவரி மாற்றம்’ 1994இல் ஆவணமாக வெளிவந்தது. தோட்டத்து லயத்தில் குடியிருப்போருக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கு வந்து சேர்வதைப் போன்ற ஏற்பாடு இது. உள்ளேயிருந்து வெளியே கேட்பதற்குப் பதில் வந்துவிடும். வெளியிலிருந்து தானாக வருவது யாருக்கென்று அலுவலகத்துக்குத் தெரியாது. இணையப் பக்கம் பார்ப்பதற்கு இது போதும். இரு பக்கமும் பேச வேண்டிய காணொளிக்குப் போதாது.

மாற்றுவழி தேடியவர்களில் முதன்மையானவர் ஜொனதன் ரோசன்பேர்க். ‘வெளியே என் முகவரி என்னவாகத் தெரிகிறது?’ என்று கணினி கேட்டறியும் ஸ்டன் என்ற முறை 2003இல் வந்தது. நேர்வழி கிடைக்காதபோது நடுவில் நின்று படத்தை வாங்கிக் கடத்தும் டேர்ன் முறையும், இருக்கும் வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நல்லதைத் தெரிவு செய்யும் ஐஸ் முறையும் 2010 ஏப்ரலில் தரமாக்கப்பட்டன. இன்றைய காணொளிப் பழுதறிதலில் பெரும்பகுதி, இந்த ஐஸ் எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்ப்பதுதான்.

ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் 2011 ஏப்ரல் 15ஆம் திகதி தன் கடைசித் தொகுதியில் கைவைத்தது. இலங்கைக்கும் முகவரி அங்கிருந்தே வரவேண்டும். நாலாம் தலைமுறை மொபைல் சேவை இங்கு 2013இல் பரவத் தொடங்கியபோது கையிருப்பு வற்றியிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் உலகெங்கும் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தன, அதற்கென்று 100.64 என்று தொடங்கும் தனித் தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. ஃபைபர் எட்டாத மலைக் கிராமத்தில் நாலாம் தலைமுறை ரவுட்டரோடு சேவையகம் வைக்க நினைப்பவர், ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடங்கினால் அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாரும் வந்துசேர முடியாது. ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்துவிட்டாலும் பயனில்லை, பூட்டு நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும். அல்லது சேவையகத்தைத் தரவு மையம் ஒன்றில் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

மென்பொருள்களின் கதைக்கு வருவோம். ஜிட்சி 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவொவ் என்ற மாணவர் தொடங்கிய திட்டம். பிக்புளூபட்டன் 2007இல் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அது வகுப்பறைக்கென்றே எழுதப்பட்டதால் வெண்பலகை, கையுயர்த்தல் எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆனால் அது அடோபியின் ஃபிளாஷ் மேல் நின்றது. பல கைப்பேசிகளில் ஃபிளாஷ் ஓடாது. உலாவிக்குள்ளேயே கமராவும் மைக்கும் இயங்கும் வெப்ஆர்டிசியை 2011இல் கூகுள் திறமூலமாக வெளியிட்டதும் திசை மாறியது. பிக்புளூபட்டன் படிப்படியாக அதற்கு நகர்ந்து, ஃபிளாஷ் இல்லாத முகப்பை 2020இல் வந்த 2.2ஆம் பதிப்பில் முழுமையாகத் தந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு ஃபிளாஷ் ஆதரவு முடிந்தது. மயிரிழையில் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டு, 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. மாத்தளைக்குப் பக்கத்தில், பேராதனையிலிருந்து இயங்கும் ‘லேர்ன்’ எனும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு அப்போது முன்னுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் வலையமைப்பாகத் தொடங்கிய இவ்வமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. சில பல்கலைக்கழகங்கள் மூடில் எனும் தம் கற்றல் தளத்தோடு பிக்புளூபட்டனையும் இணைத்து நடத்தின. பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. இந்தச் சலுகை சேவையக முகவரியைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத முகவரியில் டேர்ன் சேவையகத்தை வைத்திருந்தால், இலவசம் என்று நம்பி வகுப்பில் இருந்த மாணவரின் டேட்டா ஓசையின்றிக் கரைந்திருக்கும். டேட்டா தீர்ந்ததும் படம் நின்றிருக்கும், அவரும் சிக்னலைத்தான் திட்டியிருப்பார்.

சேவையகப் பக்கத்தில் பழுது பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, சேவையகம் தன் முகவரியை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்பதை. முகவரி மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சேவையகம், தன் உள்முகவரியான 10 என்று தொடங்கும் எண்ணையே வெளியாருக்கும் அறிவிக்கும். பேராதனையில் பக்கத்து அறையிலிருந்து சோதித்தால் எல்லாம் சரி. ரத்தோட்டையிலிருந்து சேர்பவருக்கோ, பிக்புளூபட்டனில் சற்று நேரம் சுழன்றபின் 1007 என்ற பிழை எண் வரும். ஐஸ் தோற்றது என்பதே அதன் பொருள். மென்பொருளின் அமைப்பில் வெளிமுகவரியைக் குறித்தால் தீரும். நேரெதிர்ப் பழுதும் உண்டு: வெளியூரார் எல்லோருக்கும் படம் வரும், சேவையகம் இருக்கும் கட்டடத்துக்குள் இருப்பவருக்கு மட்டும் வராது. உள்ளிருந்து வெளிமுகவரியைத் தேடிப் போகும் பொதியை ரவுட்டர் திருப்பி உள்ளே அனுப்பத் தெரியாமல் கைவிடுகிறது.

அடுத்தது கதவு. படத்தையும் சத்தத்தையும் கொண்டுபோகும் யூடிபி நெறிமுறைக்கென்று பிக்புளூபட்டன் 16384 முதல் 32768 வரையான துறைகளை, அதாவது எண்ணிட்ட கதவுகளை, கேட்கிறது. ஜிட்சிக்கு 10000 என்ற ஒரே துறை போதும். வளாக ஃபயர்வோல் இணையப் பக்கங்களுக்கான 443ஐ மட்டும் திறந்திருந்தால் கூட்ட அறை திறக்கும், படம் வராது. ஜிட்சியில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. இருவர் பேசும்போது படம் துல்லியமாக இருக்கும், மூன்றாமவர் சேர்ந்த கணமே எல்லோர் முகமும் மறையும். இருவராக இருக்கும்வரை கணினிகள் நேரடியாகப் பேசும். மூன்றாமவர் வந்ததும் பேச்சு சேவையகத்துக்கு மாறும், அங்கே 10000ஆம் துறை பூட்டியிருக்கிறது. பயனர் பக்கத்தில் யூடிபி தடுக்கப்பட்டிருந்தால், டேர்ன் சேவையகத்தை 443இல் வைப்பதே வழி. குரோம் உலாவியின் ‘வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் எந்த வழி தெரிவானது, எது தோற்றது என்று வரி வரியாகக் காட்டும். ஐந்து நிமிடம் அதைப் பார்ப்பது, மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவதைவிட மேல்.

கமராவே திறக்காவிட்டால் பூட்டுக்குறி உள்ள முகவரியா என்று பார்க்க வேண்டும். 2015இன் இறுதியிலிருந்து குரோம், சான்றிதழ் இல்லாத தளத்துக்குக் கமராவைக் கொடுப்பதில்லை. அதே காலத்தில் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியதால் இது செலவில்லாமல் தீரும்.

எல்லாம் சரியாக இருந்தும் கூட்டம் பெருத்ததும் படம் திணறினால் அது கணக்கு. 25 பேர் கமராவைத் திறந்து எல்லோரும் எல்லோரையும் பார்த்தால் சேவையகம் 600 படவோடைகளை அனுப்ப வேண்டும். ஓடைக்கு 200 கிலோபிட் என்று வைத்தாலும் நொடிக்கு 120 மெகாபிட். ஆசிரியரின் கமரா மட்டும் திறந்திருந்தால் 24 ஓடைகளோடு முடிந்துவிடும்.

2022இல் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் 31ஆம் திகதி, 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்சாரம் நிற்க, கோபுரங்களின் பட்டரியும் இறங்கியது. அந்நாட்களில் படம் வராததற்கு முகவரியோ துறையோ காரணமல்ல. மற்ற நாட்களில், ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் மலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மாணவரைச் சிக்னல் தேடி மேடேறச் சொல்வது பழுதறிதல் ஆகாது.