விரியும் குண்டும் மிகைத்துளைப்பும்

துப்பாக்கிக் குண்டு தான் தாக்கிய உடலையோ சுவரையோ துளைத்து மறுபுறம் வெளியேறி, அதற்கு அப்பாலும் ஆளைக் காயப்படுத்தும் வேகத்துடன் செல்வது மிகைத்துளைப்பு எனப்படும். அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்போர் தோட்டா வாங்கும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. திருடனை நோக்கிச் சுட்ட குண்டு அடுத்த அறையில் உறங்கும் குழந்தையைச் சென்றடையக் கூடாது என்பதே அந்தக் கவலை. இதற்குத் தீர்வாக இன்று பரிந்துரைக்கப்படுவது, உடலுக்குள் புகுந்ததும் விரிந்துகொள்ளும் குண்டு. இதே குண்டைப் போரில் பயன்படுத்துவது 1899 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டிருக்கிறது. போர்க்களத்தில் கொடுமை எனப்பட்ட ஒன்று வீட்டுக்குள் பாதுகாப்பு எனக் கருதப்படும் நிலைக்கு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பேச்சு வழக்கில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன. இங்கு தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு ஆகிய மூன்றும் சேர்ந்த முழுப்பொருளையும், குண்டு என்பது குழலிலிருந்து வெளியே பாயும் பகுதியை மட்டும் குறிக்கும்.

டம்டம்

கல்கத்தாவின் வடபுறத்தில் உள்ள டம்டம், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே பீரங்கிப் படையின் இருப்பிடமாக இருந்தது. துப்பாக்கி வரலாற்றில் இவ்வூரின் பெயர் இரண்டு முறை இடம்பெறுகிறது. என்ஃபீல்டு தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றன என்ற பேச்சு 1857 ஜனவரியில் இங்கிருந்துதான் பரவியது. படைக்கலச் சாலைத் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் செம்புத் தண்ணீர் கேட்டபோது எழுந்த வாய்த்தகராறில் இச்செய்தி வெளிப்பட்டதாகக் கூறுவர். அதன் பின் நடந்தது எல்லோரும் அறிந்ததே. நாற்பது ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறையாக இவ்வூரின் பெயர் அடிபட்டது.

பிரிட்டிஷ் படையினர் அதற்கு முன் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியைப் பயன்படுத்தினர். அதன் குண்டு 0.45 அங்குல விட்டமும் 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம், எடையும் கொண்ட மெல்லிய ஈயம். 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில் விட்டம் 0.303 அங்குலமாகவும் எடை 215 கிரெயினாகவும் குறைந்தன. வேகம் கூடியதால் வெறும் ஈயம் குழலுக்குள் உரசித் தேய்ந்தது. எனவே செம்பும் நிக்கலும் கலந்த உறையால் குண்டை முழுவதும் மூடினர். இதுவே முழு உறைக் குண்டு. இது நெடுந்தொலைவு சென்றது, குறி தவறாமல் சென்றது. ஆனால் 1895இல் சித்ரால் போரிலிருந்து திரும்பிய படையினர் ஒரு குறையைச் சொன்னார்கள். உடலில் பட்ட குண்டு ஊசி போல நுழைந்து ஊசி போலவே வெளியேறுகிறது. எலும்பிலோ முக்கிய உறுப்பிலோ படாவிட்டால் எதிரி நிற்காமல் ஓடி வருகிறான் என்றார்கள்.

டம்டம் தொழிற்சாலையின் பொறுப்பாளராக இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே இதற்கு எளிய மாற்று ஒன்றைக் கண்டார். உறையை முனைவரை கொண்டுபோகாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஈயம் வெளியே தெரியும்படி விட்டுவிட்டார். உடலில் பட்டதும் அந்த ஈயம் நசுங்கி, உறையைப் பின்னுக்குத் தள்ளி, காளான் குடைபோல விரிந்தது. 1897-98இல் நடந்த திரா போரில் இது பயன்பட்டது. இங்கிலாந்தின் ஊல்விச் ஆலை தன் பங்குக்கு முனையில் குழி வைத்த குண்டுகளை உருவாக்கியது. அவற்றுள் நான்காம் வகை 1898 சூடான் போரில் பயன்பட்டது. அதில் ஒரு பெருங்குறை இருந்தது. சில வேளைகளில் ஈயம் மட்டும் வெளியேறி உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்து சுடுபவருக்கே அது ஆபத்தானது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டு ஊடுருவி வெளியேறுகிறது என்ற குறை அன்றே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் வெளியேறிய குண்டு யார்மேல் படும் என்பதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. எதிரிக்குப் பின்னால் நிற்பவனும் எதிரியே என்பது படையின் கணக்கு. எதிரியின் உடலிலேயே செலவாக வேண்டிய விசை வீணாகிறது என்பதே அவர்களின் வருத்தம்.

ஹேக் பிரகடனம்

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. டூபிங்கன் நகர அறுவை மருத்துவர் பால் ஃபான் புரூன்ஸ் செய்துகாட்டிய சோதனைகள் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கின. ஆனால் அவர் சோதித்தது டம்டம் குண்டை அல்ல, ஈயமுனை நீளமாக வெளியே தெரிந்த வேட்டைக் குண்டை. பிரிட்டிஷ் தரப்பு இதைச் சுட்டிக்காட்டியது. அந்த மறுப்பில் நியாயமும் இருந்தது. ஆயினும் கேட்க ஆளில்லை. 1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாட்டில், மனித உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் உருவானது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா, காலனிப் போர்களின் தேவை வேறு என்று வாதிட்டார். ஐரோப்பியப் படைவீரனுக்குக் கொடுமையாகும் காயம் எல்லைப்புற மலைவாசிக்கு மட்டும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடை இல்லை. பிரிட்டன் 1907இல் உடன்பட்டது. அமெரிக்கா இன்றுவரை அப்பிரகடனத்தில் சேரவில்லை. ஆனாலும் அதன் படைகள் பெரும்பாலும் முழு உறைக் குண்டையே பயன்படுத்தி வந்துள்ளன.

தடை போருக்கு மட்டுமே உரியது. காவல் துறையையும் தனிமனிதரையும் வேட்டைக்காரரையும் பற்றி அப்பிரகடனம் எதுவும் சொல்லவில்லை. பிற்கால வரலாறு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தது.

பின்னால் நிற்பவர்

அமெரிக்க நகரக் காவலர்கள் நெடுங்காலம் 0.38 அங்குல ரிவால்வரில் உருண்டை முனை ஈயக் குண்டையே பயன்படுத்தினர். 1960களிலும் 1970களிலும் எடை குறைந்த, வேகம் மிகுந்த குழிமுனைக் குண்டுகள் சந்தைக்கு வந்தன. கடைகளில் ஹாலோ பாயின்ட் என்று கேட்டு வாங்கப்படுபவை இவையே. காவல் துறைகள் அவற்றுக்கு மாறத் தொடங்கியபோது டம்டம் என்ற பழைய பெயரைச் சொல்லியே எதிர்ப்பு வந்தது. அதற்குக் காவல் துறைகள் அளித்த பதிலில்தான் புதிய வாதம் பிறந்தது. நகரத் தெருவில் குற்றவாளியின் பின்னால் நிற்பவர் எதிரி அல்லர். பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர். ஆகவே குண்டு குற்றவாளியின் உடலுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும்.

இதன் இயக்கம் எளிது. உடல் திசுவில் பெரும்பகுதி நீர். குண்டின் முனைக்குழியில் அந்த ஈரத் திசு புகுந்து, குழியின் சுவரை வெளிப்புறமாக நெட்டித் தள்ளுகிறது. விட்டம் ஒன்றரை மடங்கானால் முன்முகப் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. எதிர்ப்படும் தடை அந்த அளவுக்குக் கூடுவதால் குண்டு விரைவில் வேகம் இழக்கிறது.

இவ்வாதத்தைக் கடைசிவரை கொண்டுசென்ற தோட்டா கிளேசர் சேஃப்டி ஸ்லக். 1970களில் வந்த இதன் செம்பு உறைக்குள் ஒரே ஈயக் கட்டிக்குப் பதில் மிகச் சிறு ரவைகள் அடைக்கப்பட்டிருந்தன. பட்டவுடன் உறை பிளந்து ரவைகள் சிதறும். கூட்டம் மிகுந்த இடத்துக்கு ஏற்றது எனப் பலர் நம்பினர். சிதறிய ரவைகள் உடலின் ஆழத்தில் உள்ள உறுப்புகளை எட்டுமா என்ற ஐயம் ஒரு பக்கம் இருந்துகொண்டே இருந்தது.

மயாமி, 1986

அந்த ஐயத்துக்கு விடை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரத்துத் தெருவொன்றில் கிடைத்தது. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் மடக்கினர். மோதலின் தொடக்கத்திலேயே முகவர் ஒருவர் சுட்ட 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு கொள்ளையர் ஒருவரின் வலது மேற்கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது. வடிவமைத்தவர்கள் விரும்பியபடியே விரிந்தது. இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னதாக நின்றது. காயம்பட்டவர் அதன் பிறகும் சில நிமிடங்கள் சுட்டுக்கொண்டிருந்தார். முகவர்கள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர்.

குண்டு தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைதான் தவறு. மிகைத்துளைப்பை அஞ்சி ஆழத்தைக் குறைத்ததன் விலை அன்று தெரிந்தது. நிகழ்ச்சியின் பழி முழுவதையும் ஒரு குண்டின்மேல் போடுவது மிகை; நீண்ட துப்பாக்கி ஏந்தியவர்களைக் கைத்துப்பாக்கிகளோடு எதிர்கொண்டதும் அதில் உண்டு. ஆனால் எஃப்.பி.ஐ. கற்ற பாடம் குண்டைப் பற்றியதாகவே இருந்தது.

1987இல் காய இயல் வல்லுநர்களை அழைத்து எஃப்.பி.ஐ. கலந்தாய்வு நடத்தியது. அமெரிக்கப் படை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடத்தில் முன்பே முறைப்படுத்தியிருந்த 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டி, சோதனைக்கு அடிப்படையானது. ஒரு சிறு இரும்புக் குண்டை வரையறுத்த வேகத்தில் கட்டிக்குள் செலுத்தி, அது சுமார் எட்டரை சென்டிமீட்டர் ஆழம் போகிறதா என்று பார்த்த பின்னரே கட்டி ஏற்கப்படும். தடிப்பான துணி, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்த பிறகும் குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என அளந்தார்கள். குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டுவது விரும்பத்தக்கதன்று. கை குறுக்கே இருந்தாலும் பக்கவாட்டிலிருந்து இதயத்தை எட்ட வேண்டும் என்பது கீழ் எல்லையின் காரணம். மேல் எல்லை, பின்னால் நிற்பவருக்காக வைத்தது. கிளேசர் போன்ற சிதறும் தோட்டாக்கள் கீழ் எல்லையிலேயே தோற்றன.

1989இல் எஃப்.பி.ஐ.யின் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவு வெளியிட்ட அறிக்கை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. மிகைத்துளைப்பு அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. மோதல்களில் காவலர்கள் சுடும் குண்டுகளில் பெரும்பாலானவை குறி தவறுகின்றன. உடலைத் துளைத்து வெளிவரும் குண்டைவிட, உடலில் படாமலே போகும் குண்டுதான் மற்றவர்களுக்குப் பெரிய ஆபத்து என்றது அது. வெளியேறும் பக்கத்துத் தோல் நன்றாக நீண்டு கொடுத்துக் குண்டைத் தடுக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டியது. இதைச் சரியான கணிப்பு என்றே கொள்ளலாம், ஆனால் முழுக் கணிப்பு என்று சொல்ல முடியாது. அடர்த்தியான நகரத்தின் அனுபவம் வேறாக இருந்தது.

நியூயார்க்

நியூயார்க் காவல் துறை 1993இல் ரிவால்வரிலிருந்து 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது. பொதுமக்கள் எதிர்ப்பை எண்ணி முழு உறைக் குண்டையே கொடுத்தது. படைகளுக்கான அக்குண்டு ஆட்களையும் கதவுகளையும் துளைத்துச் சென்று வழிப்போக்கர்களையும் உடன் நின்ற காவலர்களையும் காயப்படுத்தியது. 1998இல் ஆணையர் ஹோவர்டு சேஃபிர் குழிமுனைக் குண்டுக்கு மாறுவதாக அறிவித்தார். கொடுமை குறைவு என்று எண்ணித் தேர்ந்தெடுத்த குண்டு, சம்பந்தமில்லாதவர்களைச் சுட்டதே காரணம்.

மாற்றம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் கொலையாளி ஒருவரை நோக்கிக் காவலர் இருவர் 16 முறை சுட்டனர். காயமடைந்த வழிப்போக்கர்கள் ஒன்பது பேர். அத்தனை பேரும் காவலரின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டவர்கள்.

வீட்டுச் சுவர்

தெருவைவிட வீட்டுக்குள் சிக்கல் கூடுதல். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் நம்மூர்ச் செங்கல் சுவர் போன்றதன்று. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்து, நடுவே காற்றை விட்டுவிட்ட கூடு அது. 12 அங்குல ஜெலட்டினைக் கடக்கும் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அத்தகைய சுவர்கள் பலவற்றைக் கடக்கும். அதைவிட மோசம், முனைக்குழிக்குள் ஜிப்சம் தூள் அடைத்துக்கொள்வது. குழி அடைபட்ட குண்டு அப்பால் உள்ள உடலில் விரியாமல் முழு உறைக் குண்டு போலவே நடந்துகொள்ளும். ஆகவே குழிமுனையின் பாதுகாப்பு, குண்டு முதலில் குறிவைத்த உடலில் பட்டால் மட்டுமே. குறி தவறிச் சுவரில் பட்டால் அப்பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஷாட்கன்னுக்குப் பறவை வேட்டை ரவை போட்டால் சுவர் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஓர் அறையின் தொலைவில் அந்த ரவைகள் இன்னும் சிதறாமல் ஒரே கொத்தாகவே சென்று பலகையைத் துளைக்கின்றன. உடலிலோ ஆழம் போவதில்லை. மான் வேட்டைக்கான பெரிய ரவை ஆழம் போகும், சுவரையும் துளைக்கும். எதிர்பாராத முடிவு, எடை குறைந்த 0.223 அங்குல ரைஃபிள் குண்டினுடையது. மெல்லிய அக்குண்டு மிகுந்த வேகத்தில் பலகையில் மோதும்போது நிலைகுலைந்து புரள்கிறது, சில வகைகள் உடைகின்றன. பல சோதனைகளில் இது கைத்துப்பாக்கிக் குண்டைவிடக் குறைவான சுவர்களையே கடந்தது. 1990களில் அமெரிக்கக் காவல் சிறப்புப் படைகள் துணை இயந்திரத் துப்பாக்கியை விட்டுக் குட்டை ரைஃபிளுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இக்குண்டும் சுவரைக் கடக்கவே செய்கிறது.

உடலை நிறுத்தும், சுவரைக் கடக்காது என்று சொல்லக்கூடிய தோட்டா இதுவரை செய்யப்படவில்லை. இரண்டுக்கும் வேண்டிய விசை ஏறத்தாழ ஒன்றே என்பதால் அதைச் செய்வதும் எளிதன்று. எனவே பயிற்சி தருவோர் தோட்டாவின் பெயரைச் சொல்வதற்கு முன், வீட்டில் யார் எந்த அறையில் உறங்குகிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை முடிவுசெய்யச் சொல்கிறார்கள்.

சட்டத்தின் இரு முகங்கள்

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான 1998ஆம் ஆண்டின் ரோம் சட்டம், விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதைப் போர்க்குற்றங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதே ஆண்டில்தான் நியூயார்க் அக்குண்டுக்கு மாற முடிவெடுத்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் எல்லைக்குள் குழிமுனைத் தோட்டா விற்பதைத் தடைசெய்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடை செல்லும் என்றது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. நியூஜெர்சி மாநிலச் சட்டம் இன்னும் விசித்திரமானது. பொதுமக்கள் இத்தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சுடுகளத்துக்குக் கொண்டுபோகலாம். உரிமம் பெற்றுத் துப்பாக்கியுடன் தெருவில் செல்வோர் அதை எடுத்துச்செல்லக் கூடாது. பின்னால் ஆட்கள் மிகுதியாக நிற்கும் இடம் தெருதான். இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முனைக்குழியை மென்மையான பிளாஸ்டிக்கால் நிரப்பிய குண்டில் வெற்றுக்குழி இல்லாததால் அது குழிமுனைக் குண்டு ஆகாது என்று அம்மாநிலக் காவல் துறை விளக்கம் அளித்துள்ளது. உடலில் பட்டதும் அதுவும் விரிகிறது.