வன்னிக்கு வந்த டிஸ்கோ: ஒலிநாடாக் காலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே பேசி வந்துள்ளனர். பண்டாரவன்னியனின் எதிர்ப்பு, குளங்களும் குடியேற்றத் திட்டங்களும், அண்மைக்கால யுத்தம் என்பனவே அவையாகும். இவற்றின் முதன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், இம்மண்ணில் வாழ்ந்த இளைஞர் மாலை வேளைகளில் எதனைக் கேட்டனர், எப்பாடலுக்குக் காலசைத்தனர், அதனை யாருடன் பகிர்ந்துகொண்டனர் என்பனவும் வரலாற்று வினாக்களே. டிஸ்கோ, சிந்த் பொப் முதலிய ஆடலிசை வகைகள் வன்னியை வந்தடைந்த வழியையும், அவை இங்கு வாழ்ந்த முறையையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிஸ்கோ இசை 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரின் கறுப்பின மக்களும், இலத்தீன் அமெரிக்க மக்களும், தன்பாலீர்ப்பினரும் கூடிய நடனக் கூடங்களிலே தழைத்தது. வானொலிக்கென மூன்று நிமிட அளவில் அமைந்த பாடல்கள் ஆடுவோருக்குப் போதியனவாக இருக்கவில்லை. இக்குறையை நீக்க முனைந்தவர்களுள் ரொம் மோல்ற்றன் குறிப்பிடத்தக்கவர். இவர் ஒலிநாடாக்களை வெட்டியும் ஒட்டியும் பாடல்களை நீட்டினார். ஒரு பாடல் ஓய்வதன் முன் மறுபாடல் தொடங்குமாறு இணைத்தார். 1975 இல் வெளிவந்த குளோரியா கேனரின் இசைத்தட்டொன்றில் ஒரு பக்கத்தின் மூன்று பாடல்களும் இடையறாது ஒலித்தமை இவரது கைவண்ணமே. அடுத்த ஆண்டில் வோல்ற்றர் கிப்பன்ஸ் திருத்தியமைத்த ‘ரென் பேர்சன்ற்’ என்னும் பாடல் 12 அங்குல இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது. பாடலை ஆக்கியவர் ஒருவர், அதனை ஆடுவோரின் தேவை கண்டு திருத்தியவர் பிறிதொருவர் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1977 இல் ஜோர்ஜியோ மொறோடர் முதலியோர் டோனா சமருக்காக ஆக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ ஏறத்தாழ முழுமையாகச் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியினாலேயே அமைந்தது. ஜேர்மனியின் கிறாஃப்ற்வேர்க் குழுவினரும் அதே கருவியைக் கொண்டு புதுவழி வகுத்தனர். பின்னர் சிந்த் பொப் எனப் பெயர்பெற்ற இசைக்கு இவை அடித்தளமாயின.

இவ்விசை தமிழர் செவிக்கு எட்டிய வழியும் ஆராயத்தக்கதே. பெங்களூரிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய பிட்டு, 1974 இல் கார்ல் டக்ளஸ் பாடிய ‘குங் ஃபூ ஃபைற்றிங்’ பாடலைத் தயாரித்துப் புகழ் பெற்றார். அவரே 1980 இல் ‘குர்பானி’ என்னும் இந்தித் திரைப்படத்துக்காக இளம் பாடகி நாசியா ஹசனைப் பாடவைத்தார். 1982 இல் பப்பி லஹிரியின் இசையில் ‘டிஸ்கோ டான்ஸர்’ வெளிவந்தது. அதே ஆண்டில் ‘சகலகலா வல்லவன்’, 1986 இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய படங்களின் வாயிலாக இளையராஜா இப்புதிய தாளத்தையும் மின்னிசையையும் தமிழ்ப் பாடலோடு இரண்டறக் கலந்தார். ஈழத்தில் இதற்கான செவி ஏற்கெனவே பண்பட்டிருந்தது எனலாம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்களும் பைலாவும் கலியாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இளைஞரை ஆடவைத்திருந்தன.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற் இல்லையேல் இவை வன்னிக் கிராமங்களை எளிதில் அடைந்திரா. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் ரேப் ரெக்கோடர்கள் நாட்டினுள் பெருமளவில் வந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றோரும் அவற்றைக் கொணர்ந்தனர். இக்காலத்திலேயே ‘ரெக்கோடிங் பார்’ எனப்பட்ட ஒலிப்பதிவுக் கடைகள் பெருகின. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கசெற்றுடன் கொடுத்தால், கடைக்காரர் அவற்றைப் பதிந்து தருவார். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடமே. அதனுள் எதனை அடக்குவது, எதனை நடுவிலே நிறுத்துவது, எதன் பின் எதனை வைப்பது என்பவற்றைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே முடிவு செய்தனர். நியூயோர்க்கின் நடனக் கூடத்திலே கத்தரிக்கோல் செய்த தொழிலின் எளிய வடிவத்தை இங்கே பதிவுப் பொறியின் பொத்தான் செய்தது எனக் கூறின் அது மிகையாகாது.

கிளிநொச்சியிலுள்ள எமது வீட்டில் அவ்வாறான கசெற் ஒன்றின் உறைத்தாள் மாத்திரம் எஞ்சியுள்ளது. அதிலே என் தந்தையார் நீல மையினால் பாடல்களின் பெயர்களை எழுதியிருக்கிறார். இளையராஜாவின் பாடல்கள் ஏழு. அவற்றின் நடுவே ‘பொனி எம்’ எனத் தமிழில் எழுதப்பட்ட இரண்டு. ஈற்றிலே ‘அரைவாசி’ என்ற குறிப்புடன் ஒரு பாடல். நாடா முடிந்தமையால் அப்பாடல் பாதியில் நின்றதென அவர் கூறுவார். ஆயினும் அந்த அரைப்பாட்டையே நண்பர்கள் இரவல் வாங்கிப் படியெடுத்தனராம். படியின் படியாகச் சென்ற அக்கசெற்றில் இரைச்சல் கூடியதேயன்றி விருப்பம் குறையவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இப்பண்பாட்டைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. எரிபொருள், சீமெந்து முதலியவற்றுடன் பற்றறியும் தடைசெய்யப்பட்டது. அந்நிலையில் மக்கள் சைக்கிள் டைனமோவை நாடினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிபலகையைக் கையாற் சுற்றினால், டைனமோ ஏறத்தாழ ஆறு வோல்ற் மின்னைத் தரும். அஃது ஆடலோட்ட மின்னாதலின் டயோட்டுகளைக் கொண்டு நேரோட்டமாக மாற்ற வேண்டியிருந்தது. வானொலிக்கு இது ஓரளவு போதுமாயிருந்தது. கசெற் இயக்கும் மோட்டருக்கோ சீரான வலு வேண்டும். சுற்றுபவர் களைத்தால் மின் குறையும், மோட்டர் தளரும், பாடகரின் குரல் கனத்து இழுபடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ நூற்றிருபது அடிகள் கொண்ட டிஸ்கோத் தாளம் சுற்றுபவரின் கைவலுவிலே தங்கியிருந்தது. ஆதலின் ஒருவர் சுற்ற, ஏனையோர் கேட்டனர். பின்னர் முறை மாறினர். 1995 ஒக்ரோபரின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் இவர்களுடன் சேர்ந்தனர். விடுதலைப் பாடல்களும் திரைப்பாடல்களும் ஆடலிசையும் ஒரே பொறியில் ஒலித்தன.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். குண்டுவீச்சுக்கும் பட்டினிக்கும் நடுவே டிஸ்கோவைப் பற்றிப் பேசுவது அம்மக்களின் துயரைச் சிறுமைப்படுத்தாதா என வினவலாம். அவ்வாறன்று என்பதே எமது கருத்து. துயரை மாத்திரமே எழுதும் வரலாறு, துயருற்றவரை வெறும் எண்ணிக்கையாக்கிவிடுகின்றது. பதுங்குகுழி வெட்டிய அதே கைகள்தாம் மாலையிலே டைனமோவையும் சுற்றின. இரண்டையும் சேர்த்து எழுதும்போதே அவர்கள் முழு மனிதராகின்றனர்.

2009 இன் தொடக்கத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் படையினர் வசமாயின. மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. அவ்விடைக்காலத்தில் மக்கள் ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றபோது, உயிர் காக்க உதவாதவை யாவும் வழியிலே விடப்பட்டன. கசெற்றுகள் அவற்றுள் அடங்கும். பதிவுக் கடைகளின் குறிப்பேடுகளும் பாடற்பட்டியல்களும் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களென அன்று எவரும் கருதியிருக்க இயலாது.

இன்று எம்மவர் ஆடலிசையைக் கைப்பேசியிலே தேடி, நொடிப்பொழுதில் நண்பருக்கு அனுப்புகின்றனர். பகிரும் விருப்பம் பழையது. எளிமை மாத்திரமே புதிது. ஆனால் அப்பழைய பகிர்வின் சான்றுகள் இனி முதியோரின் நினைவிலன்றி வேறெங்கும் அதிகம் இல்லை. நூலகங்களின் இழப்பை அறிந்த நாம் இவ்விழப்பை உணர்தல் வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தம் வீட்டு மூத்தோரிடம் சில வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்வாராக: நீங்கள் வாங்கிய முதற் கசெற் எது? அதிற் பதிந்த பாடல்கள் எவை? அதனை யாருக்கு இரவல் கொடுத்தீர்கள்? அவர் இப்போது எங்கே? இறுதி வினாவுக்கு விடை சில வீடுகளில் மௌனமாகவே இருக்கும். அம்மௌனத்தையும் குறித்துக்கொள்ளுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.