மாரியை இரண்டாக வெட்டும் நாட்காட்டி: யாழ்ப்பாணக் குடாநாடும் பருவமழை முன்னறிவிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கியாற்றை விட்டால், குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரே கதி. ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். ஆகவே "இந்தமுறை மாரி எப்படி?" என்ற கேள்வி காலபோக நெல்லோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த ஆவணியில் வலிகாமத்துக் கிணறுகள் உவர்க்காமல் இருக்குமா என்பதும் அதற்குள் அடக்கம்.

இலங்கையின் உத்தியோகபூர்வக் காலநிலை நாட்காட்டி இந்த மாரியை ஒரே பருவமாகக் கொள்வதில்லை. மார்ச்–ஏப்ரில் முதலாம் இடைப்பருவம், மே–செப்டெம்பர் தென்மேல் பருவக்காற்று, ஒக்ரோபர்–நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசம்பர்–பெப்ரவரி வடகீழ்ப் பருவக்காற்று என்று ஆண்டு நான்காகப் பகுக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தின் மழைக்காலம் நவம்பர் 30ஆம் திகதி இரண்டாக வெட்டுப்படுகிறது. இதற்கு அறிவியல் நியாயம் இல்லாமலில்லை. ஒக்ரோபர், நவம்பர் மழைக்கு மேற்காவுகையும் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் காரணம். டிசம்பரில்தான் வாடைக்காற்று நிலைகொள்கிறது. இலங்கை மழையின் ஆண்டுத் தாளத்தை 1954இல் ஆராய்ந்த புவியியலாளர் தம்பையாபிள்ளை போன்றோர் மழை தரும் பொறிமுறையை வைத்தே பருவங்களைப் பிரித்துப் பார்த்தனர். பொறிமுறையை விளங்கிக்கொள்ள அது நல்ல பகுப்பு. முன்னறிவிப்புக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம், பசிபிக் சமுத்திரம் வழமைக்கு மேல் சூடேறும் எல் நினோ. லரீஃப் சுபைரும் ரோபெலெவ்ஸ்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, எல் நினோவுக்கும் இலங்கை, தென்னிந்திய வடகீழ்ப் பருவமழைக்கும் உள்ள தொடர்பு வலுத்துவருவதைக் காட்டியது. எல் நினோ ஆண்டின் இறுதி மாதங்களில் மேற்கு இந்து சமுத்திரம் சூடேறுகிறது. காற்று மேலெழும் வலயம் இலங்கைவரை நீள்கிறது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதற்கான வாய்ப்பு உயர்கிறது. ஆனால் ஜனவரி பிறந்தபின் அதே எல் நினோ மழையைக் குறைக்கும் பக்கம் சாய்கிறது. டிசம்பரையும் ஜனவரி, பெப்ரவரியையும் ஒரே பருவமாகக் கூட்டினால் எதிரெதிரான இரு சமிக்ஞைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து "எதிர்வுகூற முடியாத பருவம்" என்று முடிவுகட்டுவது நாட்காட்டியின் குறையை வானத்தின்மேல் போடுவதாகும். எல் நினோ என்றதும் வறட்சி என்று நம்மவர் பதறுவதும் இதே குழப்பத்தின் மறுபக்கந்தான். அந்தப் பயம் இந்தியாவின் தென்மேல் பருவக்காற்றுக்கு உரியது. தொலைக்காட்சி வழியாகப் பாக்குநீரிணையைத் தாண்டி வந்துவிட்டது.

கண்டத்தளவில் நடக்கும் முயற்சி இந்த இடத்தில் உதவுகிறது. 1886இல் பிளான்போர்ட் இமயமலைப் பனியைக் கொண்டு தொடங்கிய இந்தியப் பருவமழை முன்னறிவிப்பும், பின்னர் கில்பேர்ட் வாக்கர் கண்டறிந்த, எல் நினோவோடு பிணைந்த தென்னலைவும் கோடை மழையையே மையமாகக் கொண்டவை. 2010இல் தொடங்கிய தென்னாசியக் காலநிலை எதிர்பார்ப்பு மன்றமும் முதலில் அவ்வழியே சென்றது. பின்னரே ஒக்ரோபர்–டிசம்பர் பருவத்துக்கும் கூட்டறிக்கை தரத் தொடங்கியது. அந்த மூன்று மாதங்கள் யாழ்ப்பாணத்தானின் மாரியோடு அப்படியே பொருந்துகின்றன.

எனினும் அவ்வறிக்கையை அப்படியே குடாநாட்டில் இறக்கிவைக்க முடியாது. அது மழையை வழமையிலும் கூட, வழமையளவு, வழமையிலும் குறைவு என மூன்று கூறாக்கி நிகழ்தகவு சொல்கிறது. "கூட" என்பதற்கு 45 விழுக்காடு என்றால், கூடாமல் போக 55 விழுக்காடு இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பில் இது காணாமல் போய்விடும். இன்னொன்று அளவுப் பிரச்சினை. 100 கிலோமீற்றர் பக்கமுள்ள ஒரு மாதிரிக் கட்டத்தின் பரப்பு 10,000 சதுர கிலோமீற்றர். குடாநாடோ ஏறத்தாழ 1,000.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம், நமது மாரி ஒரு சில தாழமுக்கங்களின் தயவில் நிற்கிறது என்பது. 2016இல் மேற்கு, கிழக்கு இந்து சமுத்திர வெப்ப வேறுபாட்டைக் குறிக்கும் இந்து சமுத்திர இருமுனை எதிர்மறையாக இருந்தது, எல் நினோவின் எதிர்நிலையான லா நினாவும் மெல்லத் தலைகாட்டியது; இரண்டுமே மாரியைக் குறைக்கும் பக்கம் சாய்பவை; தமிழ்நாட்டின் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது, இலங்கையும் பெரும் வறட்சியில் விழுந்தது. சமிக்ஞை சொன்னபடியே நடந்தது. 2020உம் லா நினா ஆண்டே. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிச் சூறாவளி வடக்கை வெள்ளக்காடாக்கியது. ஒரு சூறாவளியின் பாதையை மூன்று மாதம் முன்னர் சொல்லும் வித்தை எவரிடமும் இல்லை. பருவ முன்னறிவிப்பு பகடையின் எந்தப் பக்கம் கனமேறியிருக்கிறது என்றுதான் சொல்லும். விழப்போகும் எண்ணைச் சொல்லாது.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? மொத்த மழையை அல்ல. மானாவாரியாகப் புழுதியில் விதைத்தவனுக்கு முதல் மழைக்குப்பின் வரும் வறள் இடைவெளி முக்கியம். கதிர் முற்றிய வயல்காரனுக்கு ஜனவரி மழை. நிலத்தடி நீருக்கோ மழையின் பரவல் முக்கியம். 300 மில்லிமீற்றர் இரண்டு நாளில் கொட்டினால் பெரும்பகுதி வெள்ளமாகக் கடல்நீரேரிக்கு ஓடிவிடும். அதே அளவு மூன்று வாரத்தில் பெய்தால் கல்லுக்குள் இறங்கும். தொண்டமானாறு, அரியாலைத் தடுப்பணைகளின் கதவுகளை எப்போது திறப்பது, எப்போது மூடி நன்னீரைத் தேக்குவது என்ற தீர்மானமும் இதில் தங்கியுள்ளது. பொறியியலாளர் ச. ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் கடலுக்கு வீணாகும் மாரி நீரைப் பற்றியதே. அத்திட்டத்தைப் பற்றி இன்றுவரை நடக்கும் விவாதங்களில் அணையும் வாய்க்காலும் பேசப்படுகின்றன, முன்னறிவிப்பு பேசப்படுவதில்லை.

இத்தகைய கேள்விகளுக்கு நாளாந்த மழைப் பதிவு வேண்டும். போர்க்காலத்தில் வடக்கின் பதிவுகளில் விழுந்த இடைவெளிகள் இங்கே நேரடியாகக் குறுக்கிடுகின்றன. அவற்றைத் தமிழகக் கரையோர நிலையங்களின் தரவோடும் செய்மதி மதிப்பீடுகளோடும் ஒப்பிட்டு நிரப்பலாம். எளிய வேலையல்ல, செய்யக்கூடிய வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் வெளியிடும் வானிலைக் குறிப்புகளை வடக்கு, கிழக்கு மக்கள் ஆவலோடு வாசிப்பது, தேவை எவ்வளவு என்பதற்குச் சான்று. ஆனால் ஒரு தனிமனிதரின் உழைப்பை நம்பி ஒரு பிரதேசத்தின் நீர் முகாமைத்துவம் நடக்கக்கூடாது. வளிமண்டலவியல் திணைக்களமும் பல்கலைக்கழகமும் நீர்ப்பாசன, கமநல சேவைத் திணைக்களங்களும் ஒவ்வொரு செப்டெம்பர் இறுதியிலும் ஒரு மேசையில் இருந்து, தென்னாசிய அறிக்கையைக் குடாநாட்டு மாரிக்கென விளக்கித் தமிழில் வெளியிட வேண்டும். அதில் டிசம்பர் ஒருபக்கமும் ஜனவரி மறுபக்கமுமாக நிற்கட்டும்.