மூடியபோது குளிர்ந்த இயந்திரம்

சூடான பாத்திரத்தைத் திறந்து வைத்தால்தான் விரைவில் ஆறும். விமான இயந்திரம் செய்தவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். காற்றினால் குளிரும் இயந்திரங்களின் சிலிண்டர்கள் அன்று மூடியின்றி விமானத்தின் முகப்பில் துருத்திக்கொண்டு நின்றன. 1909 ஜூலை 25 இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானத்தில் இருந்ததும் அத்தகைய 25 குதிரைவலு இயந்திரமே. அது சூடேறித் திணறியபோது வழியில் பெய்த மழையே அதைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். கதையில் மிகை இருக்கலாம். அக்கால இயந்திரங்களின் நோய் அதுவே என்பதில் மிகை இல்லை.

துருத்தி நின்ற சிலிண்டர்கள் விமானத்தின் வேகத்தையும் தின்றன. 1928 இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுகூடத்தில் பிரெட் வைக் என்னும் பொறியியலாளரின் குழு, இயந்திரம் முழுவதையும் உலோகக் கூட்டினால் மூடிப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது. தொடக்கத்தில் சில சிலிண்டர்கள் மிதமிஞ்சிக் கொதித்தன. மூடினால் வேகும் என்று சொன்னவர்களுக்கு அதுவே போதிய சான்றாக இருந்திருக்கும். வைக்கின் குழுவோ கூட்டைக் கழற்றி எறியவில்லை. காற்று நுழையும் வாயையும் வெளியேறும் வழியையும் மாற்றி மாற்றிச் சோதித்தது. முடிவில் இயந்திரம் போதிய அளவு குளிர்ந்தது. கூடு பொருத்திய கேர்ட்டிஸ் விமானத்தின் வேகமும் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது.

காரணம் எளிது. திறந்து நிற்கும் சிலிண்டரின் முன்புறத்தில் காற்று மோதி விலகிவிடும். முதுகு வெந்துகொண்டே இருக்கும். அளவாக அமைத்த கூடும் அதனுள் உள்ள தடுப்புத் தகடுகளும் காற்றைச் சிலிண்டரோடு ஒட்டி ஓடச் செய்கின்றன.

இன்றைய சிறு விமானங்களிலும் அதே ஏற்பாடுதான். முன்வாயால் புகும் காற்று, சிலிண்டர்களின் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி வெளியேற வேண்டும். தகட்டு விளிம்பின் றப்பர் பட்டி மடிந்தால், காற்று அந்த இடைவெளியால் நழுவிவிடும். லைக்கமிங் இயந்திரங்கள் பலவற்றுக்குச் சிலிண்டர் தலையின் உச்ச வரம்பு 260 பாகை செல்சியஸ். வழமையான பறப்பில் அதற்கு வெகு கீழே இருப்பதே நல்லது. பழைய விமானங்களில் ஒரேயொரு சிலிண்டருக்கு மட்டும் மானி இருக்கும். அடுத்தது வேகுவதை விமானி அறியமாட்டார்.

எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரச் சூடேறினால், எரிபொருள் கலவையையும் தீப்பொறி நேரத்தையும் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் சூடேறினால், தேர்ந்த தொழில்நுட்பர் முதலில் மேல்மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்ப்பார். றப்பர் பட்டி உரசிய கோடு அங்கே பதிந்திருக்கும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ, காற்று அவ்வழியே ஓடுகிறது.