மழை நாளும் காளான் சோறும்

இரத்தினபுரி செல்லும் பெருவழியிலே குருவிட்டவை அடைவோர் முதன்முதல் அறிவது அவ்வூரின் மழையைத்தான். சிவனொளிபாத மலையை நோக்கி வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் நீர்ச்சுமையின் பெரும்பகுதியை இப்பக்கத்துச் சரிவுகளில் இறக்கிவிடுகின்றது. இறப்பர் மரம் தழைப்பதற்கு அம்மழை வேண்டும். பால் வெட்டுவோருக்கோ அது பகை. பட்டை நனைந்திருக்கும் காலையிலே கத்தி வைத்தால், பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து பட்டையெங்கும் பரவும். சிரட்டையிற் சேர்ந்ததும் மழைநீர் கலந்து கெடும். ஆகவே மழை நாள் வெட்டில்லாத நாள். வெட்டில்லாத நாள் கூலி குறையும் நாள்.

காளானை முளைப்பிப்பதும் அதே மழையே. உளுத்த கட்டையிலும் கறையான் புற்றின் ஓரத்திலும் அது தலைகாட்டும் காலமும், லயத்து வீடுகளில் கைப்பணம் குறையும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. காளான் கறி இல்லாமையின் கறி என்னும் எண்ணம் படிந்ததற்கு இது போதாதா?

இவ்வெண்ணம் தோட்டத்திலே பிறந்ததன்று. தமிழகத்திலிருந்து உடன் வந்தது என்றே சொல்ல வேண்டும். புறநானூற்றிலே குமணனைத் தேடிச் செல்லும் பெருந்தலைச் சாத்தனார் தம் வீட்டு வறுமையைக் கூறும்போது, நெடுநாள் எரியாத அடுப்பிலே ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகின்றார். ஆம்பி என்பது காளானின் பழம்பெயர். சிறுபாணாற்றுப்படையும் வறியவன் வீட்டைச் சொல்லும் இடத்திற் காளானை மறக்கவில்லை. சமைக்க ஒன்றுமில்லை என்பதற்குப் புலவர்கள் காட்டிய அடையாளம், சமைக்கத்தக்க பொருளாகவே இருந்தது என்பது வியப்பன்றோ!

குருவிட்ட மண்ணில் மனிதன் உணவு தேடிய வரலாறு மிகப் பழையது. ஊருக்கு அருகிலுள்ள படதொம்பலெனக் குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மக்கள் வாழ்ந்தமைக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. அவர்கள் உண்டு எறிந்த நத்தை ஓடுகள், குரங்கின் எலும்புகள், கெக்குணக் கொட்டையின் ஓடுகள் ஆகியவற்றை அகழ்வாளர் எடுத்தனர். காளானுக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. அவர்கள் உண்டிருந்தாலும் குகை மண் அதைச் சொல்லாது.

வறுமையின் அடையாளமாகத் தமிழர் கண்ட இப்பொருளை வேறொரு தீவினர் வேறு வகையிற் போற்றினர். அவர் யப்பானியர். 1223ஆம் ஆண்டு, தோகென் என்னும் இளந்துறவி புத்த தருமத்தைக் கற்கச் சீனம் சென்றார். நிங்போத் துறையில் கப்பலிலே தங்கியிருந்தபோது, மடாலயச் சமையற்காரரான அறுபத்தொரு வயது முதியவர் ஒருவர் நெடுவழி நடந்து கப்பலுக்கு வந்தார். மறுநாள் துறவியருக்கு விருந்தாக நூடில்ஸ் சாறு ஆக்க அவர் வாங்க வந்த யப்பானியப் பொருள் உலர்ந்த காளான் என்றே பலர் பொருள் கொள்வர். இரவு தங்கிப் போகும்படி தோகென் வேண்டினார். சமையல் தமது கடமை என்று கூறி முதியவர் திரும்பிவிட்டார். ஊர் மீண்ட தோகென், 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். இந்நிகழ்ச்சி அதனுள் இடம் பெற்றது. புலால் நீக்கிய மடத்து அடுக்களையிலே காளான் ஏழையின் பண்டமாக அன்றிச் சுவையின் ஊற்றாகவே விளங்கிற்று.

ஆயினும் அதை விளைத்த யப்பானிய உழவர் செல்வராய் இருந்தார் என்று எண்ணுதல் தவறு. 'ஷீ' என்பது ஒரு மரத்தின் பெயர்; 'தாக்கே' என்றால் காளான். ஷீதாக்கே என்னும் இக்காளானைப் பெற, மரங்களை வெட்டிக் கிடத்திக் கோடரியாற் கொத்தி வைத்து, காற்றிலே வரும் நுண்வித்து அக்கொத்துவாய்களிற் பற்றுமா என்று காத்திருப்பார்கள். பற்றினால் பிழைப்பு, பற்றாவிட்டால் கடன். ஒயித்தா மாகாணத்திலே உழவர்கள் அக்கட்டைகளின் முன் நின்று, முளைத்து வா என்று கைகூப்பி வேண்டியதைக் கண்டு, மோரி கிசாக்கு என்னும் மாணவர் மனம் உருகினார் என்பர். 1942இல் அவரே, காளான் வித்தைச் சிறு மரத்துண்டுகளில் வளர்த்து, கட்டையிலே துளையிட்டு அடித்துச் செலுத்தும் முறையைக் கண்டார். காற்றை நம்பியிருந்த தொழில் கைத்தொழில் ஆயிற்று. மன்னர்களின் போர்களைப் பக்கம் பக்கமாய் எழுதும் வரலாற்று நூல்கள் இத்தகைய வெற்றிகளுக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அரிது.

சுவையின் காரணத்தையும் யப்பானியர் விடாமல் ஆராய்ந்தனர். 1908இல் தோக்கியோப் பேராசிரியர் இக்கெதா கிக்குனே கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுத்தாமேற்றைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1957இல் குனினக்கா அக்கிரா, குவானிலேற்று என்னும் பொருளுக்கும் அச்சுவை உண்டு என்று கண்டார். உலர்ந்த ஷீதாக்கேயின் சுவைக்கு அதுவே முதற் காரணம். இவ்விரண்டும் ஒரு பாத்திரத்திற் கூடினால் சுவை பலமடங்காகும். இறைச்சி இல்லாத மடத்துச் சாறு ஏன் வெறுமையாக இல்லை என்பதற்கு இதுவே விடை.

இலங்கையிலோ காளான் ஆராய்ச்சி பெரும்பாலும் பகையை ஆராய்வதாகவே தொடங்கிற்று. 1905இல் பேராதனைக்கு வந்த பூஞ்சணவியலாளர் தொமஸ் பெச், இறப்பர், தேயிலை ஆகியவற்றின் வேரை அழிக்கும் பூஞ்சணங்களைக் குறித்து நூல்கள் எழுதினார். கறையான் புற்றுக் காளானைப் பற்றி 1906இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மதிக்கப்படுகின்றது. அக்காளானைக் கறையான்களே தம் புற்றினுள் தோட்டமிட்டு வளர்க்கின்றன. மனிதன் இன்னும் அதைப் பயிராக்க அறியான். சிங்கள மக்கள் ஊரு பஹ என வழங்கும் பெருங்காளானுக்கு, இலங்கையில் எடுத்த மாதிரியைக் கொண்டே 1847இல் பேர்க்லி விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அது பயிராகி விலைபோவது சீனத்திலே.

நிலை இன்று முற்றும் அவ்வாறில்லை. மரத்தூளோடு தவிடு, பயற்றம் மா, சிறிது சுண்ணப்பொடி சேர்த்துப் பொலித்தீன் பையில் இட்டு, நீராவியில் அவித்து ஆறவைத்து, வித்து இட்டுச் சிப்பிக் காளான் வளர்ப்போர் இலங்கையிற் பலர் உளர். பால் வற்றிய இறப்பர் மரம் வெட்டுண்டு விறகாகும் நாட்டிலே, அதன் தூளும் இதற்கு உதவும் என்பதை மலேசியாவும் தாய்லாந்தும் காட்டியுள்ளன.

காட்டிற் பறிப்பதோ வேறு. வெள்ளி நாணயம் கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா என்று நஞ்சைச் சோதிப்பதெல்லாம் பொய். தலைமுறையாய் இனம் அறிந்தவர் காட்டாத காளானைத் தொடாதிருப்பதே உயிர்க்காப்பு. அவ்வறிவுடைய முதியோர் மறையுமுன் இளையோர் அதைக் கேட்டு வைக்க வேண்டும். ஐயம் இருப்பின் சந்தைச் சிப்பிக் காளானே சாலும்.

அதைக் கொண்டு யப்பானியர் ஆக்கும் காளான் சோறு மிக எளியது. இரண்டு கோப்பை பச்சையரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். 200 கிராம் காளானைக் கத்தி படாமற் கையாற் கிழித்துக்கொள்ளலாம். வழக்கமான உலைநீரில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்து, அவ்வளவுக்குச் சோயா சோஸ் ஊற்றி, உப்புச் சிறிதிட்டு, காளானை அரிசியின் மேலே பரப்ப வேண்டும், கிளறலாகாது. மிளகாயும் தேங்காய்ப்பாலும் தேடும் கை சற்றுப் பொறுத்தல் நன்று. மூடி வேகவிட்டு, நீர் வற்றியபின் தணலை இழுத்துவிட்டுப் பத்து நிமிடம் புழுங்கவைத்து, பின்னரே அகப்பையாற் கலக்க வேண்டும். விறகடுப்பில் அடி சற்றுக் காந்திவிட்டாலும் கவலையில்லை. யப்பானியர் அதற்கு ஒக்கோகே என்று பெயரிட்டு விரும்பி உண்பர். சட்டியடிக் காந்தலுக்குப் பிள்ளைகள் போட்டியிடுவது லயத்து வீடுகளுக்கும் புதிதன்று.